கணக்கெழுதுகிறவனின் கை

கண்ணாடிக்கடியில் ஒரு முடி கிடந்தால்
அந்த போன் செத்த போன்.
தடா கம்பெனியில் முதல் நாளே சொல்லித் தந்தார்கள்.
மூன்றாவது வரிசை, பதினொன்றாவது நாற்காலி,
நீல அங்கி, நீலத் தொப்பி, நான்.

ஷிப்ட் முடிந்து தொப்பியைக் கழற்றினால்
உள்ளே ஏதோ குருவி
கூடு கட்ட ஆரம்பித்த மாதிரி இருக்கும்.
எண்ணுவேன்.
அறுபத்திரண்டு. எழுபது.
ஒருநாள் நூற்றுப் பதினாறு,
தெலுங்குக் கல்யாணத்து மொய் போல.

ஆரம்பாக்கம் ஹாஸ்டலில் உப்புத் தண்ணீர்.
தண்ணீர்தான் காரணம் என்றாள்
நாயுடுபேட்டை பெஞ்சலம்மா.
ராத்திரி ஷிப்ட்தான் என்றாள் மேல்கட்டில்காரி.
மஸ்தான் மெடிக்கலில் காரணமே கேட்பதில்லை.
பலகையில் இரண்டு எழுத்து, உள்ளே ஒரே அலமாரி.
முடிக்கா, இது.
தூக்கத்துக்கா, இது.
மாதத்தைத் தள்ளிப்போட
பெஞ்சலம்மா விரல் காட்டினாலே போதும்,
கத்தரிக்கோலால் அட்டையை வெட்டித் தருவார்.
ஒருநாள் வராவிட்டால் ஆயிரத்தைந்நூறு படி போய்விடும்;
வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார
கம்பெனியில் ஒரு மூலை கிடையாது.

எனக்குக் கிடைத்தது பயோட்டின்.
பத்தாயிரம் என்று டப்பாவில் பெருமையாகப் போட்டிருந்தது.
என்னத்தில் பத்தாயிரம் என்று கேட்கவில்லை.
என் சம்பளத்தைவிடக் குறைவு,
அதுவரைக்கும் தெரிந்தது.

ஐப்பசி மழையில் கம்பெனியின் மருத்துவ முகாம்.
டி.எஸ்.ஹெச். 0.02.
அடியில் கோடு.
சூளூர்பேட்டை டாக்டர் மூன்று நிமிடம் பார்த்தார்.
தைராய்டு தாறுமாறாகச் சுரக்கிறது,
இன்னொரு தடவை ரத்தம் பார்த்துவிட்டு
இந்த மாத்திரையை ஆரம்பி.

அன்று ராத்திரியே படபடத்தது.
கை நடுங்கியது. சோறு இறங்கவில்லை.
சீட்டில் இருந்ததெல்லாம்
ஒவ்வொன்றாக உடம்புக்குள் குடிவந்தது.
அம்மாவிடம் போனில்
மழை பெய்கிறது என்று மட்டும் சொன்னேன்.

கும்மிடிப்பூண்டி லேபில் ஹேமாவதி
ஊசியை எடுக்குமுன் மணிக்கட்டைப் பிடித்தாள்.
"எழுபத்திரண்டு. உள்ளங்கையில வேர்வையும் இல்ல.
முடிக்கு ஏதாச்சும் போட்டுக்கிறியா?"
டப்பாவைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன்.
சிரித்தாள்.
"எளாவூர் செக்போஸ்ட் பாத்திருக்கியா?
கணக்கெழுதுறவன் கையப் புடிச்சுக்கிட்டு
ஒருத்தன் பேச்சுக் குடுத்துக்கிட்டே இருந்தா
எத்தனை லாரி தாண்டிச்சுன்னு
அவன் என்னத்தை எழுதுவான்?
இது மெஷினோட கையப் புடிச்சுக்கிச்சு.
லாரியில ஒண்ணும் தப்பில்ல.
ஒரு வாரம் நிறுத்திட்டு வா. டாக்டர்கிட்டயும் சொல்லு."

எட்டாம் நாள் 2.4.
டாக்டர் தன் எழுத்தைத் தானே அடித்தார்.
"மாத்திரை சாப்பிடறத மொதல்லயே சொல்லக் கூடாதா?"
நீங்கள் கேட்கவில்லை என்று சொல்லவில்லை.
அதை மாத்திரை என்று நானும் நினைத்ததில்லை;
டப்பாவில் ஒருத்தி கூந்தலை விரித்து நின்றாள்,
அவ்வளவுதான்.

படபடப்பு அன்றைக்கே நின்றது.
எனக்குப் பயம் அதில்தான்.
எங்கிருந்து வந்தது, எங்கே போனது,
அதற்கு எந்த லேப்?

கீழ்க்கட்டிலில் பெஞ்சலம்மா
விரல் மடக்கித் தெலுங்கில் எண்ணுகிறாள்.
தள்ளிப்போட்டது,
மாத்திரையை விட்டபிறகும் வரவில்லை.
நாற்பத்தேழு நாள்.
ஹேமாவதியிடம் போகலாம் என்றேன்.
ஞாயிறு ஓவர்டைம், திங்கள் பார்க்கலாம் என்கிறாள்.
எத்தனையாவது திங்கள் இது.

வரும் திங்கள் நானும் லீவு சொல்லியிருக்கிறேன்.
படி போனால் போகட்டும்,
எனக்கும் சேர்த்து, அவளுக்கும் சேர்த்து.

இன்று காலை பஸ்ஸிலேயே தொப்பியை உதறினேன்.
எண்ணவில்லை.
நாற்பது வரைக்கும் எண்ணினேன்.